மலைக்கு லாடம்: முதல்ல குளம்பைப் பாருங்க

ராஜபாளையத்துல உட்கார்ந்துக்கிட்டு கிராம்பான் பத்திப் பதிவு எழுதறது கொஞ்சம் ஓவர்தான். ஒத்துக்கறேன். நமக்கு மலைக்குப் பஞ்சமே இல்லை. மொட்டை மாடியில ஏறி நின்னா மேற்குத் தொடர்ச்சி மலை. அய்யனார் கோவில் அருவி, செண்பகத்தோப்பு, கொஞ்சம் தள்ளிப் போனா சதுரகிரி. ஆனா ஐஸ்னு பார்த்தா ஜிகர்தண்டா கடையில இருக்கறது மட்டும்தான். வீட்டுல கிராம்பான்னு சொன்னா "எதுக்கு, பிரியாணிக்கா?"ன்னு கேக்கறாங்க :-)

இருந்தும் எழுதறதுக்குக் காரணம் இருக்கு. பெங்களூர்லயும் சென்னையிலயும் பொட்டி தட்டுற நம்ம ஊர்ப் பசங்க வருஷா வருஷம் இமயமலைக்குக் கிளம்பறாங்க. முதல் வருஷம் டிசம்பர்ல கேதார்காந்தா. அடுத்த வருஷம் இன்னும் உயரமா ஒண்ணு. அதுக்கடுத்து ஆறாயிரம் மீட்டர் சிகரம் ஒண்ணு ஏறிடணும்னு ஆசை. அப்போ ஒரு போன் வரும். "மச்சி, எந்தக் கிராம்பான் வாங்கலாம்? பத்து முள்ளா, பன்னெண்டு முள்ளா? கிரிவெல்லா, பெட்ஸலா?" எல்லாத்தையும் விசாரிப்பாங்க. "கால்ல என்ன பூட்ஸ் போட்டுப் போறே?"ன்னு திருப்பிக் கேட்டா மட்டும் மறுமுனையில சத்தம் இருக்காது.

தெரியாதவங்களுக்கு: கிராம்பான்ங்கறது பூட்ஸுக்கு அடியில மாட்டிக்கிற இரும்பு முள் சட்டம். கெட்டிப்பட்ட பனியிலயும் ஐஸ்லயும் வழுக்காம நடக்க, ஏற, இறங்க. பூட்ஸோட அதை இணைக்கிற வார், கம்பி, நெம்புகோல் சமாச்சாரத்துக்கு பைண்டிங்னு பேரு.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். கிராம்பான் வாங்கறவன் பார்க்க வேண்டிய வரிசை இது: முதல்ல பூட்ஸ், ரெண்டாவது பைண்டிங், மூணாவதுதான் முள்ளு. நம்ம பசங்க இதை அப்படியே தலைகீழாப் பண்றாங்க. அது காசுக்கு மட்டும் கேடு இல்லை, உயிருக்கும் கேடு.

மாட்டுக்கு லாடம் அடிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வண்டி மாடு வெச்சிருந்த பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. லாடம் அடிக்கிறவர் பையைத் திறந்து லாடத்தை எடுத்துக் காட்டி "இது நல்லா கெட்டியா இருக்கு, போட்டுக்கறீங்களா?"ன்னு கேக்க மாட்டார். மாட்டைச் சாய்ச்சு, காலைக் கட்டி, முதல்ல குளம்பைத்தான் பார்ப்பார். தேய்ஞ்சிருக்கா, வெடிச்சிருக்கா, எவ்வளவு செதுக்கணும்னு பார்த்துட்டு அப்புறம்தான் லாடத்துல கை வைப்பார். குளம்புக்குப் பொருந்தாத லாடம் ரோட்டுல கழண்டு விழும், இல்லைன்னா மாடு நொண்டும். நம்ம தாத்தாவுக்குத் தெரிஞ்ச இந்த விஷயம், இருபது பக்க ரிவ்யூ படிக்கிற பேரனுக்குத் தெரியலை.

சரி, குளம்பைப் பார்ப்போம்.

பூட்ஸ்ல ரெண்டு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, அடிப்பாகம் எவ்வளவு விறைப்பு. ரெண்டு கையாலயும் பிடிச்சு மடக்கிப் பாருங்க. செருப்பு மாதிரி மடங்குதா, கொஞ்சம் முறைச்சுக்கிட்டு மடங்குதா, இல்லை பலகை மாதிரி அசையவே மாட்டேங்குதா? ரெண்டாவது, விளிம்பு. குதிகால் பக்கமும் விரல் பக்கமும் கெட்டியான ஒரு வரப்பு மாதிரி பள்ளம் இருக்கும். பைண்டிங் போய்க் கவ்வுற இடம் அதுதான். சில பூட்ஸ்ல பின்னாடி மட்டும் இருக்கும், சிலதுல ரெண்டு பக்கமும். நம்ம சாதா டிரெக்கிங் ஷூவுல ரெண்டுமே கிடையாது.

பிரிட்டன்காரங்க இதுக்கு எளிமையா ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. பூட்ஸுக்கு பி0லேர்ந்து பி3 வரைக்கும், கிராம்பானுக்கு சி1லேர்ந்து சி3 வரைக்கும். பி0 பூட்ஸுக்கு கிராம்பானே போடக்கூடாது. பி1க்கு சி1 மட்டும். பி2க்கு சி1, சி2. பலகை மாதிரி இருக்கிற பி3க்கு எதையும் போடலாம். ஒரே வரியில சொன்னா, கிராம்பானோட நம்பர் பூட்ஸ் நம்பரைத் தாண்டக் கூடாது. இதைத் தாளில் எழுதி கடைக்கு எடுத்துட்டுப் போனாலே பாதிப் பிரச்சனை தீர்ந்துடும்.

ஏன் தாண்டக் கூடாதுன்னு கேட்டா, படிச்சது மெக்கானிக்கல் புடுங்கறது ஜாவா ஆணின்னாலும் இதை மட்டும் என்னால விளக்க முடியும். மெல்லிசான ஷூ ஒவ்வொரு அடிக்கும் வளையும். அதுக்கு அடியில இருக்கிற சட்டம் வளைய மறுக்கும். ரெண்டுல ஒண்ணு விட்டுக் கொடுக்கணும். ஒண்ணு, ஷூ சட்டத்துலேர்ந்து நழுவி வெளியே வரும். இல்லைன்னா முன் பாதியையும் பின் பாதியையும் இணைக்கிற பட்டை, திரும்பத் திரும்ப வளைஞ்சு ஒரு நாள் ஒடியும். கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான். மூணாவதா ஒண்ணும் இருக்கு. மெல்லிசான ஷூ மேல வாரை இறுக்கினா காலும் சேர்ந்து இறுகும். ரத்த ஓட்டம் குறையும். பனிப் பிரதேசத்துல ரத்தம் போகாத விரல் என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

அடுத்தது பைண்டிங். கம்பெனிக்குக் கம்பெனி வேற வேற பேரு வெச்சிருப்பாங்க, குழம்ப வேண்டாம். மொத்தம் மூணே ரகம்.

முதல் ரகம், வார் கட்டுறது. முன்னாலயும் பின்னாலயும் பிளாஸ்டிக் கிண்ணம் மாதிரி ஒரு பிடி, நைலான் வாரால கட்டிக்கணும். விளிம்பே இல்லாத பூட்ஸுக்கும் பொருந்தும். ஆனா பூட்ஸ் ஓரளவு விறைப்பா இருக்கணும். கிளவுஸ் போட்டுக்கிட்டு மாட்ட நேரம் ஆகும். பிடிப்புல கொஞ்சம் ஆட்டம் இருக்கும்.

ரெண்டாவது, பாதி ஆட்டோமேட்டிக். முன்னாடி அதே பிளாஸ்டிக் பிடி, பின்னாடி குதிகால் விளிம்பைக் கவ்வுற நெம்புகோல். பின் விளிம்பு மட்டும் இருந்தாப் போதும்.

மூணாவது, முழு ஆட்டோமேட்டிக். முன்னாடி ஒரு உருக்குக் கம்பி விரல் விளிம்பைக் கவ்வும், பின்னாடி நெம்புகோல். டக்குன்னு மாட்டிக்கலாம், ஒட்டின மாதிரி நிக்கும். ஸ்பிட்டி, லடாக் பக்கம் குளிர்காலத்துல உறைஞ்ச அருவிகள்ல செங்குத்தா ஏறுறவங்களுக்கு இதுதான் சரி. ஆனா ரெண்டு விளிம்பும் விறைப்பான அடியும் இல்லாத பூட்ஸுல இதை மாட்டினா, மாட்டின மாதிரி இருக்கும், எடை விழுந்ததும் கழண்டுக்கும். 'மாட்டின மாதிரி இருக்கும்'ங்கறதுதான் இதுல பயங்கரமே.

"முழு ஆட்டோமேட்டிக்தானே விலை அதிகம், அப்போ அதுதானே பெஸ்ட்?"னு கேக்கறவங்க நிறைய பேர். மொபைல் வாங்கற புத்தி. இங்கே பெஸ்ட்னு தனியா ஒண்ணு கிடையாது. உங்க பூட்ஸுக்குப் பொருந்தறது, பொருந்தாதது, அவ்வளவுதான்.

இந்த பைண்டிங்கையா இவ்வளவு பெரிசாப் பேசறன்னு நினைச்சா, ஹெர்மன் பூலைப் பத்திப் படிங்க. ஆஸ்திரியாக்காரர். 1953 ஜூலை 3ஆம் தேதி, 8126 மீட்டர் உயரமுள்ள நங்க பர்பத் சிகரத்துல முதல் ஆளா, அதுவும் கடைசிக் கட்டத்துல தனி ஆளா, ஆக்சிஜன் சிலிண்டரும் இல்லாம ஏறினவர். ஏறும்போது ஒண்ணும் ஆகலை. இறங்கும்போது ஒரு கால் கிராம்பானைக் கட்டியிருந்த வார் போயிடுச்சு. கிராம்பான் கழண்டுடுச்சு. முள்ளெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, கட்டத்தான் வார் இல்லை. மிச்சத்தை ஒத்தைக் கிராம்பானோட, ஸ்கீ கம்பை ஊன்றி இறங்கினார். இருட்டிடுச்சு. கிட்டத்தட்ட எட்டாயிரம் மீட்டர் உயரத்துல, உட்காரக்கூட இடமில்லாத ஒரு பாறை விளிம்புல, ராத்திரி முழுக்க நின்னுக்கிட்டே கழிச்சார். உயிரோட திரும்பினார், ஆனா பனிக்கடியில விரல் போச்சு. உலகத்தின் மகா மலையேறிகள்ல ஒருத்தரை அன்னைக்குத் தடுமாற வெச்சது ஒரு துண்டு வார்.

நம்ம பக்கத்துப் பனையேறிகளுக்கு இதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கால்ல போடற தளைநாரைத் தொட்டுப் பார்க்காம, இழுத்துப் பார்க்காம ஒரு மரமும் ஏற மாட்டாங்க. அருவா மழுங்கியிருந்தா கள்ளு குறையும். தளைநார் அறுந்தா ஆளே இருக்க மாட்டான்.

அதுக்காக முள்ளு முக்கியமே இல்லைன்னு சொல்லலை. ஐகர் சிகரத்து வடக்குச் சுவரை 1938 ஜூலையில முதல்முறை ஏறினப்போ நடந்தது இதுக்கு நல்ல உதாரணம். காஸ்பரெக், ஹாரர்னு ரெண்டு பேர் முன்னாடி போனாங்க. காஸ்பரெக் கால்ல பத்து முள் கிராம்பான். ஹாரர்கிட்ட கிராம்பானே இல்லை, ஆணி அடிச்ச பூட்ஸ்தான். ஐஸ் சரிவுல படி வெட்டி வெட்டி ஏறினாங்க. மறுநாள் கிளம்பின ஹெக்மையரும் ஃபோர்க்கும் பன்னெண்டு முள் வெச்சிருந்தாங்க, அதாவது முன்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டு முள்ளும் சேர்த்து. அதைக் குத்திக் குத்தி விறுவிறுன்னு ஏறி முன்னாடி போனவங்களைப் பிடிச்சுட்டாங்க. அப்புறம் நாலு பேரும் ஒரே கயிற்றுல சேர்ந்து ஏறி சிகரம் தொட்டாங்க. (அந்த ஹாரர்தான் பிற்பாடு இரண்டாம் உலகப் போர் சமயத்துல நம்ம டேராடூன் முகாம்ல கைதியா இருந்து, 1944ல தப்பிச்சுத் திபெத்துக்கு ஓடினவர்.)

ஆக, முள்ளு வேகம் கொடுக்கும். பைண்டிங் உசுரைப் பிடிச்சு வெச்சுக்கும். ரெண்டும் வேணும். எதை முதல்ல பார்க்கணும்ங்கறதுதான் கேள்வி.

முள்ளுக்கு வருவோம். பனியாற்றுல நடக்க, சாதாரணச் சரிவுக்குப் பத்து போதும். சிகரம் ஏறப் போறவங்களுக்கு, முன்முள் சேர்த்துப் பன்னெண்டு. முன்முள் படுக்கை வசமா அகலமா இருந்தா பனியில நல்லா நிக்கும், ஏன்னா பரப்பு அதிகம், புதையாது. நிமிர்ந்து கத்தி மாதிரி இருந்தா கெட்டி ஐஸ்ல இறங்கும். நம்மில் பெரும்பாலானவங்களுக்குப் படுக்கை முள்ளே போதும். உலோகம் உருக்குதான். அலுமினியம் எடை கம்மி, ஆனா பாறையில பட்டா சீக்கிரம் மழுங்கும். அது பனியில மட்டும் நடக்கிறவங்களுக்கு. அடியில பனி அப்பிக்காம இருக்க ஒரு ரப்பர் தகடு வரும். அது இல்லாம வாங்காதீங்க. ஈரப்பனி உருண்டையா ஒட்டிக்கிட்டா முள் எதுவும் தரையைத் தொடாது. உருண்டைக் கல்லு மேல நிக்கிற மாதிரி ஆகிடும்.

இங்கே ஒரு சமாச்சாரத்தைச் சொல்லியே ஆகணும். குளிர்கால டிரெக்குல 'கிராம்பான்'னு சொல்லி கையில கொடுப்பாங்களே, ரப்பர் வளையமும் சங்கிலியும் சின்னச் சின்ன முள்ளுமா, அது கிராம்பானே இல்லை. மைக்ரோஸ்பைக். மிதிபட்டு இறுகின பனிப் பாதையில வழுக்காம நடக்க அருமையான பொருள், குறை சொல்லலை. ஆனா அதுல முன்முள் கிடையாது, விறைப்பான சட்டம் கிடையாது. செங்குத்துச் சரிவுல ரப்பர் இழுபட்டு ஒரு பக்கமா சுத்திக்கும். "நான் ஏற்கனவே கிராம்பான் போட்டு நடந்திருக்கேன்"ன்னு சொல்ற பத்துல எட்டுப் பேரு போட்டது இதைத்தான்னு எனக்கு ஒரு சந்தேகம். பேர் மாறினா நம்பிக்கையும் தப்பான இடத்துக்குப் போயிடும். டிரெக் நடத்தறவங்க இதைத் தெளிவாச் சொல்லணும். நாமளும் கேக்கணும்.

வாங்கியே தீருவேன்னு இருக்கறவங்களுக்கு நாலு விஷயம்:

1. பூட்ஸைக் கையோட எடுத்துட்டுப் போங்க. கிராம்பானோட நீளத்தைச் சரி பண்ணி, வாரைக் கட்டாம, நெம்புகோலைப் பூட்டாம, சும்மா பூட்ஸை அதுல வெச்சுத் தூக்குங்க. ஒட்டிக்கிட்டு வந்தா பொருத்தம். தொபுக்குன்னு விழுந்தா வேண்டாம். முன்முள் விரல் நுனியைத் தாண்டி ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டர் நீட்டிக்கிட்டு இருக்கணும்.

2. யுஐஏஏ அல்லது இஎன் 893 முத்திரை இருக்கான்னு பாருங்க. பழைய சரக்குன்னா சட்டத்துல விரிசல் இருக்கா, வார் நைஞ்சிருக்கான்னு பாருங்க.

3. வீட்டுல உட்கார்ந்து கிளவுஸ் போட்டுக்கிட்டு, லைட்டை அணைச்சுட்டு மாட்டிப் பழகுங்க. பக்கிள் எப்பவும் காலோட வெளிப்பக்கம் வரணும். வாரோட வால் தொங்கினா மறு கால் முள் அதுல மாட்டும். நடக்கும்போதும் கால் ரெண்டையும் அகட்டி வைக்கணும்.

4. மழுங்கினா அரத்தால கையாலயே ராவுங்க. நம்ம ஊர்ல மில் வேலை செய்யற பட்டறைக்குப் பஞ்சமில்லை. "அண்ணாச்சி, கிரைண்டர்ல ரெண்டு இழுப்பு"ன்னு கேக்கத் தோணும். கேக்காதீங்க. சூட்டுல எஃகோட டெம்பர் போயிடும். பார்க்கப் பளபளன்னு இருக்கும், ஐஸ்ல மடங்கும்.

இவ்வளவும் சொல்லிட்டு என் கடைசிக் கருத்து: முதல் தடவை போறவங்க கிராம்பானே வாங்காதீங்க :-) முதல்ல பயிற்சிக்குப் போங்க. டார்ஜிலிங்ல 1954ல ஆரம்பிச்ச இமயமலை மலையேற்றக் கழகம், உத்தரகாசியில 1965ல ஆரம்பிச்ச நேரு மலையேற்றக் கழகம், அப்புறம் மணாலி, பஹல்காம்னு அரசாங்க நிறுவனங்கள் இருக்கு. டார்ஜிலிங் கழகத்துல களப் பயிற்சிக்கு முதல் இயக்குநரா இருந்தது எவரெஸ்ட் ஏறின டென்சிங் நார்கே. அடிப்படைப் பயிற்சி சுமார் நாலு வாரம். பூட்ஸ், கிராம்பான், ஐஸ் கோடாலி எல்லாம் அவங்களே கொடுத்து, பனியாற்றுல கூட்டிட்டுப் போய் நடக்க, ஏற, விழுந்தா தடுத்துக்கக் கத்துக் கொடுப்பாங்க. பத்து நாள் முள்ளு மேல நடந்துட்டு வந்தவனுக்குத் தனக்கு எது வேணும்னு யாரும் சொல்லத் தேவையில்லை.

"சொந்தப் பொருள்னா பழக்கம் இருக்கும்ல?"னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா அந்த நியாயம் பூட்ஸுக்குத்தான் பொருந்தும். கால் ஆளுக்கு ஆள் வேற. அதனால காசு இருந்தா முதல்ல நல்ல பூட்ஸ் வாங்கி, அதைப் போட்டுக்கிட்டு தாணிப்பாறையிலேர்ந்து சதுரகிரி நாலு தடவை ஏறி இறங்கிப் பழக்குங்க. (பார்க்கிறவங்க சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.) கிராம்பான் அப்புறம், அந்தப் பூட்ஸுக்கு ஏத்த மாதிரி.

பயிற்சி இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னும் நான் சொல்லலை. 2022 அக்டோபர் 4ஆம் தேதி திரௌபதி கா தண்டா-2 சிகரத்துல பனிச்சரிவு வந்து, உத்தரகாசி கழகத்து அணியிலயே இருபத்தஞ்சுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அந்த வருஷம் மே மாசம்தான் எவரெஸ்ட் ஏறியிருந்த பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அதுல ஒருத்தர். பனிச்சரிவுக்கு முன்னாடி எந்தக் கிராம்பானும் எந்த அனுபவமும் ஒண்ணும் பண்ண முடியாது. மலையில நம்ம கையில இல்லாத விஷயம் அவ்வளவு இருக்கு. அதனாலதான் கையில இருக்கிற ஒண்ணு ரெண்டையாவது ஒழுங்காப் பண்ணணும்னு சொல்றேன். பூட்ஸும் பைண்டிங்கும் பொருந்துதான்னு பார்க்கிறது நம்ம கையிலதான் இருக்கு.

நம்ம ஊருக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒரு தகவல். எவரெஸ்ட் ஏறின முதல் தமிழ்நாட்டுப் பெண் முத்தமிழ்ச்செல்வி. 2023 மே மாசம் ஏறினார். சொந்த ஊர் நம்ம விருதுநகர் மாவட்டம்தான். வெயிலுக்கும் கந்தக பூமிக்கும் பேர் போன மாவட்டத்துலேர்ந்து ஒருத்தர் போய் உச்சியில நின்னுட்டார். இனிமே இங்கேயிருந்து இன்னும் பத்துப் பேரு கிளம்புவாங்க. கிளம்பணும். போற பத்துப் பேரும் பத்து விரலோட திரும்பி வரணும்ங்கறதுதான் என் கவலை.

அடுத்த தடவை யாராவது "எந்தக் கிராம்பான் நல்லது?"ன்னு போன் பண்ணா, பேசறதுக்கு முன்னாடி பூட்ஸைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சாமி. அதைப் பார்த்துட்டுப் பேசுவோம்.

பி.கு.: கிராம்பான் மாட்டிக்கிட்டு பனிச்சரிவுல உட்கார்ந்து சறுக்கி இறங்காதீங்க. முள் ஒரு இடத்துல குத்தி நிக்கும், உடம்பு நிக்காது. கணுக்கால் போயிடும். சறுக்கணும்னா முதல்ல கழட்டிடுங்க.